கையெழுத்துப் போட ஓர் இடம் வேண்டும்

ஃபைல்களின் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். கட்டட வடிவமைப்பு பற்றி இன்று எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும், எந்த மென்பொருள் விற்பனையாளரிடம் பேசினாலும் இதுதான் முதல் வாசகம். இனி டிராயிங் ஃபைல் என்று தனியாக ஒன்று தேவையில்லையாம். சுவர், தூண், கதவு, குழாய் எல்லாம் ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஜெக்டாகப் பொதுத் தரவுத்தளத்தில் இருக்கும். யார் எதை மாற்றினாலும் அந்த நொடியே எல்லோருக்கும் தெரியும். அதனால் பிழைக்கு வழியில்லை. ஆட்டோகேடில் வரைந்து, ஃபைலுக்குப் பெயர் வைத்து, மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருக்கும் சிறிய அலுவலகங்கள் காலம் அறியாதவை. இந்தக் கருத்து இப்போது கல்லூரி வகுப்பறை, டெண்டர் நிபந்தனை, வேலைக்கான நேர்காணல் என்று எல்லா இடத்திலும் கேள்வி கேட்பாரின்றிப் புழங்குகிறது.

இதை நான் மறுக்கிறேன். ஆப்ஜெக்ட் முறை கட்டுமானத் துறைக்குக் கிடைத்த பெரிய கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கருவி வந்ததால் ஃபைல் தேவையற்றுப் போய்விட்டது என்ற முடிவு தவறு. அந்தத் தவறுக்கான விலையைக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் கொடுக்க நேரும் என்பதால் அது ஆபத்தும்கூட.

கரையான்சாவடி சந்திப்பில் நின்றால் இந்த விவாதத்தின் இரு முனைகளும் கண்ணுக்கு எதிரே தெரியும். சாலை நடுவே சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நான்காம் வழித்தடத் தூண்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டர் நீளும் அந்தத் தடத்தில் கரையான்சாவடியும் ஒரு நிலையம். அங்கிருந்து ஆவடி சாலைப் பக்கம் திரும்பி உள்தெருக்களில் நுழைந்தால், ஸ்டில்ட் விட்டு மூன்று மாடி எழும் அடுக்ககங்கள், வங்கிக் கடனில் மெல்ல உயரும் தனி வீடுகள். மெட்ரோ நிலையத்துக்குக் கட்டமைப்பு, மின்சாரம், தீயணைப்பு, சிக்னல், மின்தூக்கி என்று பல துறைகளின் வடிவமைப்பாளர்கள். தனி வீட்டுக்கு ஒரு இன்ஜினியர், ஒரு டிராஃப்ட்ஸ்மேன், ஒரு மேஸ்திரி. இரண்டுக்கும் ஒரே மருந்து என்கிறார்கள். முதல் தடுமாற்றம் அங்கேயே தொடங்குகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வோம். ஃபைல் முறையில் தரைத்தள பிளான் ஒரு ஃபைல், செக்‌ஷன் இன்னொன்று, கதவு ஜன்னல் அட்டவணை மற்றொன்று. பிளானில் ஒரு கதவை மூன்றடியிலிருந்து மூன்றரை அடியாக மாற்றினால் செக்‌ஷனிலும் அட்டவணையிலும் ஆள்தான் போய் மாற்ற வேண்டும். மறந்தால் மூன்று டிராயிங்கும் மூன்று கதை சொல்லும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் 2’ என்று ஒரே ஃபோல்டரில் கிடக்கும் ஃபைல்களில் எது உண்மையான ஃபைனல் என்று தெரியாமல் கம்பி வெட்டியவர்கள் இந்தத் துறையில் ஏராளம். ஆப்ஜெக்ட் முறையில் கதவு ஒன்றுதான். பிளானும் செக்‌ஷனும் அட்டவணையும் அந்த ஒரே கதவின் வெவ்வேறு தோற்றங்கள். ஒரு இடத்தில் மாற்றினால் மூன்றும் மாறும். ஆய்வாளர் சார்ல்ஸ் ஈஸ்ட்மன் 1975-லேயே முன்வைத்த இந்த யோசனை, 2000-இல் வெளிவந்து 2002-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்குப் போன ரெவிட் போன்ற மென்பொருள்களால் சாதாரண அலுவலகங்களுக்கும் எட்டியது. ஏ.சி. டக்ட் பீமைக் குறுக்கே வெட்டிப் போகிறதா என்று கான்கிரீட் போடுவதற்கு முன்பே கணினித் திரையில் கண்டுபிடிக்க முடிவது இதனால்தான். மெட்ரோ நிலையம் போன்ற ஒன்றை இது இல்லாமல் வடிவமைப்பது வீண் பிடிவாதம். இவ்வளவும் உண்மை. இதிலிருந்து ஃபைல் செத்துவிட்டது என்ற முடிவுக்கு எப்படிப் போனார்கள் என்பதுதான் கேள்வி.

அவர்களின் முதல் வாதம், பொதுத் தரவுத்தளம் எப்போதும் ஒரே உண்மையைக் காட்டும் என்பது. ஒரு நாளின் வேலையை அருகிலிருந்து பாருங்கள். காலையில் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்கிங்கில் கார் திரும்ப இடம் வேண்டும் என்று ஒரு தூணை 300 மில்லிமீட்டர் நகர்த்துகிறார். மாடலில் தூண் நகர்ந்துவிட்டது. ஆனால் அந்தத் தூணின் மேல் வரும் பீமுக்கு இன்னும் கணக்குப் போடவில்லை. முதல் மாடிப் படுக்கையறையில் அந்தத் தூண் இப்போது அலமாரிக்கு நடுவில் முளைத்திருப்பதை ஆர்க்கிடெக்ட் இன்னும் பார்க்கவில்லை. அதையொட்டி இறங்க வேண்டிய கழிவுநீர்க் குழாய் பழைய இடத்திலேயே நிற்கிறது. இவை எல்லாம் சரியாகி வர நான்கு நாள் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் அந்தத் தரவுத்தளம் காட்டுவது எவரும் வடிவமைக்காத ஒரு கட்டடம். ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன்னளவில் புதிது. மொத்தமாகப் பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்தாத குவியல்.

வங்கிக் கணக்கில் பணம் மாறுவது நொடியில் முடியும். வடிவமைப்பில் ஒரு மாற்றம் முடிய நாட்கள் ஆகும், பல கைகள் மாறும். அந்த மாற்றம் முழுமையடைந்த தருணத்தை யாராவது ஒருவர் தீர்மானித்து, ‘இத்தோடு இது முடிந்தது, இதை வைத்துக் கட்டலாம்’ என்று நிறுத்தியாக வேண்டும். அப்படி நிறுத்தி வெளியே எடுக்கும் தொகுப்புக்குத்தான் ரிவிஷன் எண் கொடுக்கிறோம், தேதி போடுகிறோம், ‘குட் ஃபார் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ முத்திரை குத்துகிறோம். அதுதான் ஃபைல். தரவுத்தளத்தின் இயக்கத்தை நிறுத்திப் பிடிக்கும் இந்த வேலையைத் தரவுத்தளமே செய்துகொள்ளாது.

தானாகப் பரவும் மாற்றம் சரியானதை மட்டும் பரப்பாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு ஜன்னல் வகையில் தவறாகப் போட்ட உயரம் அந்த வகையைச் சேர்ந்த நாற்பது ஜன்னல்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். மூன்று டிராயிங்கும் மூன்று கதை சொன்னபோது, அந்த முரணே தளத்தில் மேஸ்திரியை நிறுத்திக் கேள்வி கேட்க வைத்தது. இப்போது எல்லா டிராயிங்கும் ஒரே தவறை ஒரே குரலில் சொல்லும். ஒத்துப்போவது வேறு, சரியாக இருப்பது வேறு.

அவர்களின் இரண்டாவது வாதம், ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் வரலாற்றைத் தானே சுமக்கும் என்பது. ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனி அடையாள எண் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த எண் மென்பொருளுக்குள் இருக்கும் உருவத்துக்குத்தான், மண்ணில் நிற்கும் சுவருக்கு அல்ல. டிராஃப்ட்ஸ்மேன் ஒரு சுவரை இழுத்து நகர்த்தினால் எண் அப்படியே இருக்கும். அதே சுவரை அழித்துவிட்டு அதே இடத்தில் மறுபடி வரைந்தால் புது எண் வந்துவிடும். தளத்தைப் பொறுத்தவரை அது ஒரே சுவர். கணினியைப் பொறுத்தவரை பழையது செத்து வேறொன்று பிறந்திருக்கிறது. அவசரத்தில் வரைபவர் எவரும் நகர்த்தலாமா அழிக்கலாமா என்று வரலாற்றை நினைத்து வரைவதில்லை. முப்பது ஆண்டுப் பராமரிப்புக்கு இந்த எண்களை நம்பலாம் என்பவர்கள் இந்த எளிய நடைமுறையை மறந்துவிடுகிறார்கள்.

வரலாறு பதிவானாலும் அது யாருடைய வரலாறு? லைசென்ஸ் விலையால் பல அலுவலகங்களில் ஒரே லாகினில் இருவர் மூவர் மாறி மாறி வேலை செய்கிறார்கள். நான் பங்கெடுத்த ஓர் அடுக்ககத்தில் கழிப்பறையின் சங்கன் ஸ்லாப், அதாவது தாழ்த்திப் போடும் தளத்தின் ஆழம் பற்றித் தகராறு வந்தது. மாடலில் 300 மில்லிமீட்டர். போட்டிருந்த கான்கிரீட்டில் 200 தான். மாடலின் பதிவைத் திறந்தால் மாற்றியவர் பெயர் ‘டிராஃப்ட் 3’ என்று இருந்தது. அது ஆளின் பெயர் அல்ல, கணினியின் பெயர். அன்று பிரச்சினையைத் தீர்த்தது கான்கிரீட்டுக்கு முன்பு தளத்துக்கு அனுப்பப்பட்டிருந்த பி.டி.எஃப். டிராயிங். அதில் ரிவிஷன் எண் இருந்தது, தேதி இருந்தது, சரிபார்த்தவரின் சுருக்கொப்பம் இருந்தது, ஆழம் 200 என்று இருந்தது. ஒப்பந்ததாரர் சொன்னபடி செய்திருந்தார். மாடல்தான் பிறகு மாறியிருந்தது.

மூன்றாவதுதான் எனக்கு முதன்மையானது: பொறுப்பு. 2014 ஜூன் 28 அன்று, கரையான்சாவடியிலிருந்து கொஞ்ச தூரத்தில், போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்க வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. இந்தப் புறநகரில் கட்டடத் தொழிலில் இருக்கும் எவரும் அந்த நாளை மறந்துவிட்டு டிராயிங் பற்றிப் பேசக் கூடாது. அத்தகைய துயரம் நடந்தால் முதலில் எழும் கேள்விகள் இவை: எந்த டிராயிங்கை வைத்துக் கட்டினார்கள்? அதில் கையெழுத்துப் போட்டவர் யார்? எந்தத் தேதியில்? அதன் பிறகு எது மாறியது, யார் சொல்லி மாறியது? ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைக் காட்டி இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. அன்றைக்கு முடிவு செய்து, மூடி, ஒப்பமிட்டுக் கொடுத்த ஒன்று வேண்டும்.

சட்டமும் இதையே கேட்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்கும்போது தர வேண்டிய சான்றிதழில், அந்த ஆவணத்தின் ஹேஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது டிஜிட்டல் கைரேகை. ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் ஹேஷ் மாறிவிடும். கைரேகை எடுக்க வேண்டுமென்றால் விரல் அசையாமல் இருக்க வேண்டும். தொடக்கமும் முடிவும் உள்ள, உறைந்த ஒரு தொகுப்புக்குத்தான் ஹேஷ் எடுக்க முடியும். மாறிக்கொண்டே இருக்கும் தரவுத்தளத்துக்கு எடுத்தாலும் அடுத்த திருத்தத்தில் அது செல்லாது. ஆக, நீதிமன்றத்தின் முன் நிற்கும்போது ஆப்ஜெக்ட்காரர்களும் ஒரு ஃபைலை வெளியே எடுத்துத்தான் நீட்ட வேண்டும். கட்டாயத்தின்பேரில் கடைசியில் எடுப்பதை, முறையாக முதலிலேயே எடுத்து வைக்கலாமே.

பூந்தமல்லி சார்பதிவாளர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தின் விவரங்கள் இன்று கணினித் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. அதற்காக யாரும் கிரயப் பத்திரம் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஒவ்வொரு கைமாற்றமும் எண்ணும் தேதியும் கையெழுத்தும் உள்ள தனிப் பத்திரம். வில்லங்கச் சான்றில் அந்தப் பத்திரங்களின் வரிசைதான் வருகிறது. தரவுத்தளம் இன்றைய நிலையைச் சொல்லும்; அந்த நிலை எப்படி, யாரால் வந்தது என்பதற்குப் பத்திரம்தான் ஆதாரம். ஒன்றரை கிரவுண்டுக்கு நாம் கேட்கும் ஆதாரத்தை, அதன் மேல் எழும் கட்டடத்துக்கும் கேட்க வேண்டும்.

நான்காவது, ஆயுள். மெட்ரோவின் உயர்பாலம் போன்ற கட்டமைப்புகளை நூறு ஆண்டு ஆயுளைக் கருதி வடிவமைப்பதுதான் வழக்கம். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் கான்கிரீட் பாலங்களுக்கான விதிநூலும் அதையே சொல்கிறது. அதை வரையும் மென்பொருளுக்கோ ஆண்டுச் சந்தா. ஆட்டோடெஸ்க் நிரந்தர லைசென்ஸ் விற்பதை 2016-லேயே நிறுத்திவிட்டது. ரெவிட்டின் இந்த ஆண்டுப் பதிப்பில் சேமித்த மாடலைச் சென்ற ஆண்டுப் பதிப்பில் திறக்க முடியாது. பழைய பதிப்புக்கு ஏற்றபடி சேமிக்கவும் வழியில்லை. 2020-இல் ஜாஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ், கிரிம்ஷா உள்ளிட்ட பிரிட்டனின் பெரிய நிறுவனங்களே ரெவிட்டின் விலையையும் வளர்ச்சியின்மையையும் எதிர்த்து ஆட்டோடெஸ்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. அவர்களுக்கே அந்த நிலை என்றால், சந்தா கட்ட முடியாமல் போன மாதத்தில் தன் சொந்த வடிவமைப்பையே திறக்க முடியாத கரையான்சாவடி இன்ஜினியரின் நிலை என்ன? ஃபைல் உங்கள் கையில் இருக்கும். பென்டிரைவில் போட்டு வைக்கலாம், வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாம். 1990-களில் சேமித்த டி.டபிள்யூ.ஜி. ஃபைலை இன்றைய ஆட்டோகேட் திறக்கிறது. வேறு நிறுவனங்களின் மென்பொருள்களும் திறக்கின்றன. வேறொருவருடைய சர்வரில் இருக்கும் ஆப்ஜெக்டோ, அவர்கள் அனுமதிக்கும் வரைதான் உங்களுடையது.

இவ்வளவுக்கும் பிறகு, ஆப்ஜெக்ட் உலகம் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட விதிகளைப் பார்த்தால் என் தரப்பு இன்னும் உறுதிப்படுகிறது. பிம் என்று அழைக்கப்படும் கட்டடத் தகவல் மாதிரி முறைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 19650, தகவல்களைப் பெயரிட்ட தொகுப்புகளாகப் பிரிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு தொகுப்பும் நடப்பு வேலை, பகிர்ந்தது, வெளியிட்டது, காப்பகம் என்ற நிலைகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் ஒப்புதல் வேண்டும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஆப்ஜெக்ட்களைக் கொண்டுபோகும் பொது வடிவமான ஐ.எஃப்.சி. 2013-இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற தரமாயிற்று. அதன் வழக்கமான உருவம் ஒரு சாதாரண எழுத்து ஃபைல். நோட்பேடில் திறந்தால் வரிக்கு ஒரு சுவர், வரிக்கு ஒரு தூண் என்று வரிசை எண்ணோடு படிக்கலாம். மைக்ரோஸ்டேஷன் என்ற வடிவமைப்பு மென்பொருளைத் தயாரிக்கும் பென்ட்லி நிறுவனம் 1990-களின் இறுதியிலேயே ஃபைலுக்குப் பதில் ஆப்ஜெக்ட் அளவில் மாற்றங்களைக் கையாளும் புராஜெக்ட்பேங்க் முறையைக் கொண்டுவந்தது. அது நிலைக்கவில்லை. பின்னாளில் அதே நிறுவனம் கொண்டுவந்த ஐமாடல் முறையில், ஒவ்வொருவர் கணினியிலும் இறங்கும் நகல் எஸ்க்யூலைட் தரவுத்தள ஃபைல். மாற்றங்கள் வரிசையாகக் கட்டப்பட்டு, முக்கியமான கட்டங்களுக்குப் பெயர் சூட்டப்படுகிறது. ஏன், ரெவிட் மாடலே ஒரு ஃபைல்தான். ஃபைலா ஆப்ஜெக்டா என்று கேட்பதே தப்பு. ஆப்ஜெக்ட்கள் ஃபைலுக்குள்தான் குடியிருக்கின்றன.

மென்பொருள் எழுதுபவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். கட்டடத் துறை அவர்களைப் பார்த்துத்தான் முன்னேற வேண்டும் என்று ஓயாமல் சொல்கிறார்கள். அவர்களின் உலகம் முழுவதும் இன்னும் ஃபைல்களில்தான் இயங்குகிறது. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், ஃபைல்களின் மாற்றத்தைத் தொகுத்து, செய்தவர் பெயர், நேரம், காரணம் மூன்றையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. ஆயிரக்கணக்கானோர் கூடி எழுதும் லினக்ஸ் கெர்னல் அப்படித்தான் வளர்கிறது. அவர்கள் ஃபைலை ஒழிக்கவில்லை, ஒழுங்குபடுத்தினார்கள். நம் ஃபோல்டரில் ‘ஃபைனல் 2’ கிடப்பது ஃபைலின் குற்றம் அல்ல. பெயர் வைக்கும் முறையும் ரிவிஷன் பதிவேடும் இல்லாத குற்றம். அந்த ஒழுங்கில்லாத அலுவலகத்துக்கு எவ்வளவு விலை உயர்ந்த தரவுத்தளம் வாங்கிக் கொடுத்தாலும் அது ‘டிராஃப்ட் 3’ என்றுதான் வரலாறு எழுதும்.

கடைசியாக, சிறிய அலுவலகங்கள் பின்தங்கியவை என்ற பேச்சு. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே அனுமதி கிடைக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எழும் எத்தனையோ தனி வீடுகள் அந்த அளவுக்குள் அடங்குபவை. அப்படி ஒரு வீட்டுக்கு ஃபவுண்டேஷன், காலம், பீம், ஸ்லாப், மின்சாரம், பிளம்பிங் எல்லாம் சேர்ந்தும் பத்துப் பதினைந்து டிராயிங்குக்கு மேல் போகாது. வரைபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர். ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் எடுத்த டிராயிங்கைப் பிளைவுட் பலகையில் ஒட்டி, போட்ட கம்பிக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வரும் மேஸ்திரிக்குத் தேவை அன்றைய சரியான டிராயிங். அதை ஒழுங்காகத் தரும் அலுவலகம் தன் வேலைக்குச் சரியான கருவியைத்தான் பயன்படுத்துகிறது. அதைப் பழமை என்று இழிவுபடுத்துவது விற்பனைப் பேச்சு, பொறியியல் அல்ல.

எனவே செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்கிறேன். பல துறைகள் மோதும் பெரிய வேலைகளில் ஆப்ஜெக்டில் வடிவமையுங்கள். ஆனால் வெளியிடுவதை ஃபைலாக வெளியிடுங்கள். ரிவிஷன், தேதி, காரணம், பொறுப்பாளர் நான்கும் அதில் இருக்கட்டும். டிஜிட்டல் கையொப்பமும் ஹேஷும் அன்றைக்கே பதிவாகட்டும். பொதுப் பணத்தில் கட்டும் ஒவ்வொரு அமைப்பும், வேலை முடிந்து ஒப்படைக்கும்போது மாடலை ஐ.எஃப்.சி. வடிவிலும் டிராயிங்குகளை நீண்டகாலச் சேமிப்புக்கான பி.டி.எஃப்.-ஏ வடிவிலும் வாங்கி, தன் சொந்தக் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதட்டும். ஒருவருக்கு ஒரு லாகின் என்பதை நிபந்தனையாக்கட்டும். ஐ.டி.ஐ.களில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பவர்களுக்கும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் மென்பொருள் பட்டன்களோடு சேர்த்து ரிவிஷன் பதிவேடு எழுதவும், ஃபைலுக்குப் பெயர் வைக்கவும், பழைய டிராயிங்கைத் தளத்திலிருந்து திரும்பப் பெறவும் கற்றுக்கொடுங்கள்.

வீடு வாங்குபவர்களும் ஒன்று செய்யலாம். கட்டுபவரிடம் முப்பரிமாண மாடலைக் காட்டச் சொல்வதோடு நிற்காதீர்கள். உங்கள் வீட்டின் கட்டமைப்பு டிராயிங்குகளின் கடைசி ரிவிஷனை, பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தோடு ஃபைலாகக் கேட்டு வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். திரையில் மாடல் எவ்வளவு வேண்டுமானாலும் மாறட்டும். இதை நான் பார்த்தேன், இதற்கு நான் பொறுப்பு என்று ஒரு மனிதர் ஒப்பமிட்ட பிறகுதான் கான்கிரீட் விழ வேண்டும். அந்த ஒப்பத்துக்கு இடம் தராத எந்த முறையும், எவ்வளவு புதிதானாலும், கட்டடத் தொழிலுக்கு ஆகாது.